வரதட்சணை பாக்கிக்காகக் கைமாறிய ஊர்!

"பாட்டி, அந்த ஆளு திருடனா, இல்ல போலீஸா?"

ஏழு வயதுப் பேரன் நடுத்தெருவில் நின்று கேட்ட கேள்வி இது. நாங்கள் நின்றிருந்த இடம் கனடாவின் க்யூபெக் நகரம். அவன் கேட்டது சுமார் நானூறு வருடங்களுக்கு முன்னால் வாழ்ந்த டேவிட் கிர்க் என்ற ஆங்கிலேயரைப் பற்றி. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் நான். ஆனாலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

டொரண்டோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த எனக்கு, இந்த முறை நயாகரா வேண்டாம், புதிதாக ஏதாவது ஊர் பார்க்கலாம் என்று தோன்றியது. "பழைய ஊர் பார்க்கணும்னா க்யூபெக்தாம்மா" என்றாள் மகள். ஜூன் மாதக் கடைசியில் கிளம்பினோம். வெயில் இருந்தாலும் ஆற்றுக் காற்று காதைக் குடைந்தது. ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்துப் போனது நல்லதாயிற்று.

கருங்கல் காட்டும் கோட்டை

க்யூபெக் இரண்டு அடுக்கு ஊர். மேலே செங்குத்தான பாறையின் மீது கோட்டையும் பெரிய ஹோட்டலும். கீழே செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையை ஒட்டி பழைய ஊர். மேலேயிருந்து கீழே வர, மலைச்சரிவில் ஓடும் ஒரு குட்டி ரயில் பெட்டி இருக்கிறது. முழங்கால் வலிக்காரர்களுக்கு வரப்பிரசாதம்!

கீழ் ஊரின் மையம் ப்ளாஸ் ரோயால் என்ற சின்னச் சதுக்கம். அங்கே 1688-இல் கட்டத் தொடங்கிய ஒரு மாதா கோயில். அதன் வாசலில் தரையைக் கவனித்துப் பார்த்தால், கறுப்புக் கற்களைப் பதித்துக் கோடு போட்டிருப்பது தெரியும். பேரன் அந்தக் கோட்டின் மேலேயே, கம்பி மேல் நடப்பதுபோல் கைகளை விரித்து நடந்தான். சாமுவேல் த ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடும் பண்டகசாலையும் கோட்டையும் இங்கேதான் இருந்தன. ஊரை அவர் நிறுவியது 1608-இல். இன்றைக்கு லட்சக்கணக்கானோர் வாழும் க்யூபெக் நகரத்துக்கு இதுதான் விதை.

1629 ஜூலையில் இந்த இடத்தில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஆங்கிலேயக் கொடி ஏறியது. ஏற்றியவர்கள் கிர்க் சகோதரர்கள். அவர்களின் தலைவர்தான் டேவிட் கிர்க்.

ஒரு தொப்பி, ஒரு காகிதம்

கிர்க்கைத் தெரிந்துகொள்ள முதலில் பீவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் ஐந்து சென்ட் நாணயத்தில் இருக்குமே, தட்டை வாலும் நீண்ட முன்பல்லும் கொண்ட பிராணி, அதுதான். மரத்தைக் கடித்து வீழ்த்தி ஓடையில் அணை கட்டும். அதன் உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். மேலே முரட்டு ரோமம், அடியில் பஞ்சுபோன்ற மென்ரோமம். அடி ரோமத்தில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு. நீராவியும் அழுத்தமும் கொடுத்தால் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டு கெட்டியான ஃபெல்ட் துணியாகிவிடும். மழையில் நனைந்தாலும் உருக்குலையாத தொப்பி அதில்தான் கிடைக்கும்.

அந்தக் கால ஐரோப்பாவில் தலையில் பீவர் தொப்பி இருந்தால்தான் கனவான். தொப்பி மோகத்தில் ஐரோப்பாவின் பீவர்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. கனடாவில் இன்னூ போன்ற ஆதிக்குடி மக்கள் பீவர் தோலைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் செப்புப் பாத்திரம், கத்தி, கோடாலி, கம்பளி வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் ஒன்றிரண்டு குளிர்காலம் உடுத்திக் கழித்த தோலுக்குத்தான் வியாபாரிகளிடம் கிராக்கி அதிகம். உடுத்த உடுத்த முரட்டு ரோமம் உதிர்ந்து, தொப்பிக்காரர்களின் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். பழைய துணிக்குப் பாத்திரம் வாங்கிய நமக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும்!

இந்த வியாபாரம் முழுவதையும் 1627-இல் பிரான்ஸின் முதலமைச்சர் கார்டினல் ரிஷெல்யூ ஒரே கம்பெனியிடம் ஒப்படைத்தார். நூறு பங்காளிகள் கம்பெனி என்று பெயர். அதே நேரம் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர் மூண்டிருந்தது. லண்டன் வியாபாரிகளுக்கு வாய்ப்பு தெரிந்தது.

டேவிட் கிர்க்கின் அப்பா ஜெர்வாஸ் கிர்க் பிரான்ஸோடு ஒயின் வியாபாரம் செய்தவர். அம்மா பிரெஞ்சுக்காரி. டேவிட் பிறந்ததே பிரான்ஸின் தியெப் துறைமுகத்தில், 1597 வாக்கில். அப்பாவும் கூட்டாளிகளும் பணம் போட, மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு காகிதம் கொடுத்தார். அதற்குப் பெயர் லெட்டர் ஆஃப் மார்க். எதிரி நாட்டுக் கப்பலை நீ தாக்கலாம், சரக்கை எடுத்துக்கொள்ளலாம், அது குற்றமில்லை என்று அரசரே எழுதிக் கொடுக்கும் அனுமதி. கடற்கொள்ளைக்காரன் பிடிபட்டால் தூக்கு. இந்தக் காகிதம் கையில் இருப்பவனுக்கோ லாபத்தில் பங்கு! செய்கிற வேலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

பசியால் விழுந்த கோட்டை

க்யூபெக்கிலிருந்து ஆற்றோரமாகவே வடகிழக்கே போனோம். முதலில் வந்தது கேப் டூர்மாந்த். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆயிரமாயிரம் பனிவாத்துகள் வந்து இறங்குமாம். நாங்கள் போனபோது வெறும் புல்வெளிதான். க்யூபெக்குக்குப் பாலும் இறைச்சியும் தந்த ஷாம்ப்ளேனின் மாட்டுப் பண்ணை இங்கேதான் இருந்தது. 1628 கோடையில் கிர்க்கின் ஆட்கள் வந்து மாடுகளைக் கொன்று, பண்ணையைக் கொளுத்தினார்கள். அதாவது, கிர்க் முதலில் கை வைத்தது கோட்டையில் இல்லை, சோற்றில்!

இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் சாகெனே ஆறு குறுக்கே வருகிறது. பாலம் கிடையாது. காரோடு ஏற்றிக்கொண்டு பத்து நிமிடத்தில் அக்கரை சேர்க்கும் படகு உண்டு, கட்டணம் இல்லை. அக்கரைதான் டடூசாக். சிவப்புக் கூரை ஹோட்டல், பொம்மை போன்ற மரத் தேவாலயம், வளைந்த சின்ன விரிகுடா. படகிலிருந்து பார்த்தபோது தண்ணீருக்கு மேல் வெள்ளை முதுகு ஒன்று எழும்பி மறைந்தது. பெலூகா திமிங்கலம்! பேரன் போட்ட சத்தத்தில் படகே திரும்பிப் பார்த்தது.

1600-இலேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ரோம வியாபாரத்துக்காக ஒரு வீடு கட்டினார்கள். அதே மாதிரி ஒன்றை இப்போது கட்டிவைத்திருக்கிறார்கள். உள்ளே தோல்கள் தொங்குகின்றன.

1628-இல் மூன்று கப்பல்களோடு வந்து கிர்க் பிடித்தது இந்தத் துறையைத்தான். ஆற்று வாய் கையில் இருந்தால் மேலே உள்ள ஊர் மூச்சு முட்டிச் சாகும். அவர் ஷாம்ப்ளேனுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். மிரட்டல் கடிதம்தான், ஆனால் மரியாதை குறையாத கடிதம். உங்களுக்கு உணவு வராது, கோட்டையை ஒப்படைத்துவிடுங்கள் என்பது சாரம். ஷாம்ப்ளேனிடம் அப்போது சாப்பாடும் இல்லை, வெடிமருந்தும் அதிகம் இல்லை. ஆனாலும், எங்களிடம் எல்லாம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அதே மரியாதையோடு பதில் எழுதினார். கிர்க் நம்பிவிட்டார். திரும்பிப் போனார்.

போகிற வழியில்தான் நிஜமான அடி விழுந்தது. க்யூபெக்குக்கு உணவுப் பொருளும் சுமார் 400 குடியேறிகளும் ஏற்றி வந்த பிரெஞ்சுக் கப்பல்களைக் கிர்க் மறித்துப் பிடித்துவிட்டார். இந்தச் செய்தி கிடைத்ததும் பாரிஸில் கிர்க் சகோதரர்களின் கொடும்பாவியை எரித்தார்கள். நம்ம ஊர் மண்ணில் பிறந்தவனே இப்படிச் செய்துவிட்டானே என்ற ஆத்திரம்.

அந்தக் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். கோட்டையில் நூறு பேருக்கும் குறைவு. பட்டாணியை அளந்து அளந்து பங்கிட்டார்கள். இன்னூ மக்கள் விலாங்கு மீன் கொடுத்தார்கள், அதுவும் சும்மா இல்லை, பீவர் தோலுக்கு. பனி உருகியதும் கிழங்கு தோண்ட எல்லோரும் காட்டுக்குப் போனார்கள். 1629 ஜூலையில் டேவிட்டின் தம்பிகள் லூயிஸும் தாமஸும் கப்பலோடு வந்து நின்றபோது, ஷாம்ப்ளேன் ஒரு குண்டு கூடச் சுடாமல் சரணடைந்தார். அவரைத் தோற்கடித்தது கிர்க் அல்ல, பசி.

டடூசாக்கில் கைதியாக இருந்த ஷாம்ப்ளேனைக் கிர்க் கௌரவமாகவே நடத்தினார். இருவரும் சேர்ந்து கரையோரப் பறவைகளை வேட்டையாடப் போனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பெரிய மனிதர்களுக்குள் தோல்வியும் வெற்றியும் இவ்வளவு நாகரிகமாக முடிந்துவிடுகிறது.

சம்பந்தி வீட்டு பாக்கி

கதை இங்கேதான் நம் ஊர்ச் சங்கதிபோல் ஆகிறது. கோட்டை விழுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால், 1629 ஏப்ரலிலேயே, இரண்டு நாடுகளும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. போர் முடிந்த பிறகு பிடித்த ஊர் கணக்கில் சேராது. இங்கிலாந்து போய் இறங்கிய ஷாம்ப்ளேனுக்கு விஷயம் தெரிந்தது. ஊரைத் திருப்பிக் கொடு என்று பிரான்ஸ் வழக்காடத் தொடங்கியது.

முதலாம் சார்லஸின் மனைவி ஹென்ரியெட்டா மரியா பிரெஞ்சு மன்னரின் தங்கை. கல்யாணத்தின்போது பேசிய வரதட்சணையில் பாதி இன்னும் வந்து சேரவில்லை. பாராளுமன்றத்தோடு சண்டை போட்டுக் கஜானா காலியாக இருந்த சார்லஸ், பாக்கியைத் தந்தால் ஊரைத் தருகிறேன் என்றார். 1632-இல் செயின்ட் ஜெர்மேன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிர்க் குடும்பம் பணம் போட்டு, உயிரைப் பணயம் வைத்துப் பிடித்த ஊர், மருமகனுக்கு வர வேண்டிய பாக்கிக்காகக் கைமாறியது!

மகளிடம் இதைச் சொன்னதும் "அங்கேயுமா வரதட்சணை!" என்று சிரித்தாள். கிர்க்குக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது.

அந்தப் பையன்

க்யூபெக்குக்குத் திரும்பி வந்து மேல் ஊரில் நடந்தோம். ஷாம்ப்ளேனுக்குப் பெரிய சிலை இருக்கிறது. அவருடைய அசல் ஓவியம் எதுவும் கிடையாது, சிலையில் இருக்கும் முகம் வேறு யாரையோ பார்த்துச் செய்தது என்கிறார்கள். பக்கத்துப் பூங்காவில் முதல் விவசாயிகளான எபேர் குடும்பத்துக்கு ஒரு சிலை. அதில் மருமகன் கியோம் குயார் கையில் கலப்பையோடு நிற்கிறார். கொஞ்ச தூரத்தில் அவர் பெயரிலேயே குயார் தெரு.

அந்தக் குயார் வீட்டில்தான் ஒரு பையன் வேலைக்காரனாக வளர்ந்தான். கிர்க் சகோதரர்களின் கப்பலில் 1628 வாக்கில் இங்கே வந்தவன். மடகாஸ்கரைச் சேர்ந்தவன் என்று பழைய பாதிரியார் குறிப்புகள் சொல்கின்றன. வந்தபோது ஆறேழு வயது இருக்கும். கிர்க் கூட்டத்தார், தங்கள் பக்கம் சேர்ந்துகொண்ட ல பாயிஃப் என்ற பிரெஞ்சுக் குமாஸ்தாவிடம் அவனை விற்றார்கள். 1632-இல் ஊரை விட்டுப் போகும்போது அந்தக் குமாஸ்தா பையனைக் குயார் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கனடாவில் அடிமையாக வாழ்ந்ததாகப் பதிவான முதல் ஆப்பிரிக்கர் இந்தக் குழந்தைதான். போல் ல ஜூன் என்ற பாதிரியார் அவனுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். 1633-இல் ஞானஸ்நானம். பாதிரியாரின் பெயரைச் சேர்த்து ஒலிவியே ல ஜூன் ஆனான். ஞானஸ்நானம் பெற்றால் எங்களைப் போல ஆகிவிடுவாய் என்று சொன்னவர்களிடம், அப்படியானால் என் தோலை உரிப்பீர்களா என்று பயந்து கேட்டானாம். 1638-இல் ஒருவர் மீது பழி சொன்னான், நிரூபிக்க முடியவில்லை என்று ஒரு நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ஹோட்டல் அறையில் தூங்கிக்கொண்டிருந்த பேரனைப் பார்த்தேன். போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுக் கிடந்தான். அதே வயது. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காற்றடிக்கும் ஃபெரிலாந்து

மாப்பிள்ளைக்கு நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் ஆபீஸ் வேலை வந்தது. "அத்தை, உங்க கிர்க்கோட வீடு அங்க பக்கத்துலதான்" என்றார். விடுவேனா?

செயின்ட் ஜான்ஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். ஒரு பக்கம் பாறையும் குட்டை மரங்களும், இன்னொரு பக்கம் அட்லான்டிக். தூரத்தில் ஒரு பனிப்பாறை, வெள்ளைக் கோபுரம் கவிழ்ந்ததுபோல் மிதந்துகொண்டிருந்தது. ஃபெரிலாந்து சின்ன மீனவக் கிராமம். காற்று ஆளைத் தள்ளுகிறது.

1621-இல் ஜார்ஜ் கால்வர்ட் என்ற பால்டிமோர் பிரபு இங்கே ஆட்களை அனுப்பி ஒரு குடியேற்றம் அமைத்தார். பிறகு குடும்பத்தோடு தானே வந்து ஒரே ஒரு குளிர்காலம் தங்கினார். போதும்டா சாமி என்று தெற்கே போய்விட்டார். அந்தக் குடும்பம்தான் பின்னாளில் மேரிலாந்தை உருவாக்கியது. க்யூபெக்கை இழந்த கிர்க்குக்கு, 1637-இல் அரசர் நியூஃபவுண்ட்லாந்து உரிமையைக் கூட்டாளிகளோடு சேர்த்துக் கொடுத்தார். மறுபடியும் ஒரு காகிதம்! 1638-இல் வந்தார், கால்வர்ட் குடும்பத்தின் ஆட்களை வெளியேற்றிவிட்டு அவர்களின் மாளிகையில் குடியேறினார்.

அயல்நாட்டு மீனவர்களிடம் மீனுக்கு ஐந்து சதவிகித வரி. பருவத்துக்கு வரும் மீனவர்களுக்குச் சாராயக் கடை. கையில் இருப்பதைக் குடித்தே தீர்க்கிறார்கள் என்று கப்பல் முதலாளிகள் புகார் அனுப்பினார்கள். அகழாய்வில் கிடைத்த லட்சக்கணக்கான பொருள்களில் 'டி.கே.' என்ற எழுத்துகள் பொறித்த ஈய வில்லைகளும் உண்டு. கிர்க்கே அடித்துப் புழங்கவிட்ட டோக்கன்கள்! அந்தக் காலத்துக் கூழாங்கல் தெருவில் இன்றும் நடக்கலாம். அலை வந்து கழுவிக்கொண்டு போகும்படி கட்டிய கழிப்பறையின் அடித்தளமும் இருக்கிறது.

இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் வந்தது. முதலாம் சார்லஸின் தலை துண்டானது. அரசர் தந்த காகிதத்துக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. 1651-இல் கிர்க்கை விசாரணைக்கு அழைத்தார்கள். என் வீட்டைப் பிடுங்கிக்கொண்டான் என்று கால்வர்ட்டின் மகன் வழக்குப் போட்டார். 1654-இல் லண்டன் சிறையிலேயே கிர்க் இறந்துபோனார். மனைவி சாரா கிர்க் ஃபெரிலாந்தை விட்டு நகரவில்லை. படகுகளையும் மீன் வியாபாரத்தையும் தானே நடத்தி, அந்தக் கரையின் பெரிய முதலாளிகளில் ஒருவராக இருந்தார். 1696-இல் பிரெஞ்சுப் படை வந்து ஃபெரிலாந்தை எரித்து, கிர்க்கின் மகன்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனது. கேப் டூர்மாந்த் பண்ணையை அவர்களின் அப்பா எரித்து 68 வருடம் ஆகியிருந்தது.

அதே 1654-ஆம் வருடம், மே மாதம், க்யூபெக்கில் ஒலிவியே ல ஜூனும் இறந்தான். முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். சாவுக் குறிப்பில் 'வேலைக்காரன்' என்று எழுதினார்கள்.

திரும்பி வரும்போது காரில் பேரனிடம் பதில் சொன்னேன். "ராஜா லெட்டர் கொடுத்தப்போ அவனைப் போலீஸ்னாங்க. லெட்டர் செல்லாதுன்னதும் திருடன்னாங்க. ஆனா, உன் வயசுப் பையனை அவங்க அம்மாகிட்டேருந்து கொண்டு வந்து வித்தாங்களே, அதுக்கு எந்த ராஜா லெட்டர் கொடுத்தாலும் அது திருட்டுதான்டா கண்ணா."

கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு கேட்டான்.

"பாட்டி, ஒலிவியேங்கிறது அவங்க வெச்ச பேருதானே? அவங்கம்மா அவனை என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க?"

ஷாம்ப்ளேன் எழுதியதும், பாதிரியார் எழுதியதும், ராஜா எழுதியதும் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.